லேப் சாவியைக் கையில் வாங்கியவர்களுக்கு



இன்றைய பதிவு பள்ளி ஆய்வக உதவியாளர்களுக்காக. ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் படித்தால் மகிழ்ச்சி. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

31 வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தியவன் நான். மூன்று பள்ளிகள், மூன்று லேப்கள். பாடம் நடத்தியது நான். லேபை நடத்தியவர்கள் வேறு. அவர்களில் ஒருவரை ஆசிரியர்கள் முதல் பிள்ளைகள் வரை 'லேப் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அவரிடம் கற்றுக்கொண்டது எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது என் பழைய மாணவர்கள் சிலர் இதே வேலையில் சேர்ந்துவிட்டு, "சார், சாவியைக் கொடுத்துட்டாங்க, உள்ள போனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்று போன் செய்கிறார்கள். தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அண்ணன் எதைச் செய்து முடித்தாலும் தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வார்: "நாளைக்கு நான் வரலேன்னா, வர்றவனுக்கு இது புரியுமா?" லேப் வேலையின் சூட்சுமம் முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதல் வேலை, லேபிள். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், சிங்க்குக்குக் கீழே பழைய குளிர்பான பாட்டிலில் யாரோ சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றி வைத்திருந்தார்கள். பெயர் எழுதவில்லை. பார்த்தால் பச்சைத் தண்ணீர். கூட்டித் துடைக்க வந்த அம்மா அதை வாளியில் கொட்டித் தரையைத் துடைத்திருக்கிறார். கை வழவழவென்று இருந்ததாம், சோப்புத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டாராம். அமிலம் பட்டால் உடனே சுரீர் என்று எரியும். காரம் அப்படியில்லை, நோகாமல் தோலைத் தின்னும். சாயங்காலத்துக்குள் இரண்டு கையும் புண். ஊற்றி வைத்தவர் எப்போதோ மாறுதலாகிப் போய்விட்டார். அந்த அம்மா ஒன்றரை மாதம் வேலைக்கு வரவில்லை, அவருக்குத் தினக்கூலி.

அதனால் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எதுவும் லேபில் இருக்கவே கூடாது. ஒவ்வொரு பாட்டிலிலும் பொருளின் பெயர், செறிவு, தயாரித்த தேதி, உங்கள் கையெழுத்து நான்கும் இருக்கட்டும். அமில ஆவியில் மை வெளுத்துவிடும். எழுதியதன் மேல் உருக்கிய மெழுகைத் தடவுங்கள், அல்லது செல்லோ டேப் ஒட்டுங்கள். ஊற்றும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பிடித்தால், வழியும் சொட்டு எழுத்தை அழிக்காது. பெயர் தெரியாத பாட்டில் கிடைத்தால் முகர்ந்து பார்க்காதீர்கள், சிங்க்கில் கொட்டாதீர்கள். 'தெரியாதது' என்று எழுதித் தனியாக வைத்து, வேதியியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

அடுத்து, எதை எதன் பக்கத்தில் வைப்பது. பல பள்ளிகளில் அகர வரிசையில் அடுக்குகிறார்கள். தேட வசதிதான், ஆனால் ஆபத்து. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டின் ஆவியும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக எல்லாப் பாட்டில் மீதும் படியும். நைட்ரிக் அமிலத்தை ஸ்பிரிட், அசிட்டோன் பக்கத்தில் வைக்கவே கூடாது. அடர் அமிலங்கள் எப்போதும் கீழ்த் தட்டில், இடுப்பு உயரத்துக்குக் கீழே. மே மாதம் மூடிக்கிடந்த லேபை ஜூனில் திறந்தால் அம்மோனியா பாட்டிலிடம் மரியாதையாக இருங்கள். வெயிலில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லத் திறக்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குக் கண்ணாடி மூடி ஆகாது, இறுகிப் போய்விடும். ரப்பர் மூடி போடுங்கள்.

அமிலம் நீர்க்கும்போது, தண்ணீரில்தான் அமிலம். அமிலத்தில் தண்ணீர் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடையில் வரும் கந்தக அமிலம் 98 சதவீதம், ஏறக்குறைய 18 மோலார். ஒரு லிட்டர் 1 மோலார் கரைசலுக்கு 55 மி.லி. போதும். பெரிய பீக்கரில் முக்கால் லிட்டர் தண்ணீர் எடுத்து, பீக்கரைத் தண்ணீர் உள்ள தொட்டியில் நிறுத்தி, கலக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடு ஆறிய பிறகே லிட்டர் கோட்டுக்கு நிரப்ப வேண்டும். கண்ணாடி, கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

இனி செய்முறைத் தேர்வு. இங்கேதான் ஒரு பிள்ளையின் மதிப்பெண் உங்கள் கைக்கு வருகிறது.

பருமனறி பகுப்பாய்வுக்கு, கழுவுவதையும் சேர்த்து, ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு கரைசலிலும் 150 மி.லி. கணக்கு வையுங்கள். 30 பேருக்கு நாலரை லிட்டர். இணைப்புக் கரைசலை இரண்டு மூன்று பாட்டிலில் தனித்தனியாகத் தயாரித்தால் ஒவ்வொன்றும் ஒரு செறிவில் நிற்கும். ஒழுங்காகச் செய்த பிள்ளைக்கும் விடை தப்பாக வரும், அது எங்கே தப்பியது என்று யாருக்கும் தெரியாது. ஒரே பெரிய பாத்திரத்தில் மொத்தமாகக் கரைத்து, கலக்கி, அப்புறம் பாட்டில்களில் பிரியுங்கள்.

0.1 நார்மல் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு லிட்டருக்கு 3.16 கிராம். முந்தின நாளே கரைத்து, பழுப்பு நிற பாட்டிலில் இருட்டில் வைத்து, மறுநாள் தெளிந்ததை எடுங்கள். வடிதாளில் வடிகட்ட வேண்டாம். காகிதத்தோடு அது வினைபுரியும். கண்ணாடி இழைதான் சரி. ஆக்சாலிக் அமிலம் லிட்டருக்கு 6.3 கிராம். ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் 39.2 கிராம், முதலில் தண்ணீரில் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துவிட்டு, பிறகு உப்பைப் போடுங்கள், இல்லையென்றால் கலங்கிவிடும். காற்றுப் பட்டால் கெடும் என்பதால் அதை அன்று காலையிலேயே தயாரியுங்கள். ஸ்டார்ச் கரைசலும் அன்றன்றைக்குத்தான். நம் ஊர் வெயிலுக்கு நாளைக்குத் தாங்காது.

எல்லாம் தயாரானதும், பிள்ளைகள் வருவதற்கு முன் ஆசிரியரோடு சேர்ந்து ஒருமுறை நீங்களே தரம் பார்த்து, வந்த அளவை எழுதி வையுங்கள். தராசில் நிறுத்த கணக்கை மட்டும் நம்பினால் அடி வாங்குவது பிள்ளைதான்.

பெர்மாங்கனேட் பட்ட பியூரெட்டில் பழுப்புக் கறை பிடித்தால், நீர்த்த கந்தக அமிலம் கலந்த ஆக்சாலிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள், பளிச்சென்று போய்விடும். காரம் எடுத்த பியூரெட்டை அன்றே கழுவி, திருகைத் தளர்த்தி வையுங்கள். மறுநாள் திருகு அசையாமல் உடைந்த பியூரெட்டுகள் எத்தனையோ. பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்துக்கு முடிவு கட்டுங்கள். ரப்பர் பல்பு பெரிய செலவில்லை.

இயற்பியல் லேபில் மீட்டர் பாலம் இருந்தால், ஜாக்கியைக் கம்பியில் இழுக்காமல் தொட்டுத் தொட்டு எடுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இழுத்தால் கம்பி ஒரு பக்கம் தேய்ந்து, அடுத்த வருடப் பிள்ளைகளின் கணக்கு கெடும். லெக்லாஞ்சி மின்கலத்தில் துத்தநாகக் கம்பியை வேலை முடிந்ததும் எடுத்துக் கழுவி வையுங்கள். சட்டக் காந்தங்களை எதிரெதிர் முனை சேர்த்து, முனைகளில் இரும்புத் துண்டு வைத்து அடுக்குங்கள். உயிரியல் லேபில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நுண்ணோக்கி லென்சில் பூஞ்சை வரும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். சூடாக்கி உலர்த்தினால் திரும்ப நீலமாகும், மீண்டும் பயன்படுத்தலாம்.

விபத்து நடந்தால் முதல் மருந்து தண்ணீர். கண்ணில் எது தெறித்தாலும் கண்ணைத் திறந்து பிடித்து 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை. அமிலம் பட்ட தோலில் காரத்தையோ, காரம் பட்ட தோலில் அமிலத்தையோ ஊற்றாதீர்கள். சோடா உப்பு தரையில் சிந்திய அமிலத்துக்கு. எரியும் ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். ஊதி அணைக்காமல் மூடியால் அணையுங்கள். பாதரச வெப்பமானி உடைந்தால் துடைப்பம் போடக் கூடாது, உருண்டைகள் சிதறி மூலைமுடுக்கெல்லாம் போகும். ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, கெட்டி அட்டையால் ஒன்றுகூட்டி மூடியுள்ள பாட்டிலில் சேருங்கள். இதற்கெல்லாம் மேலாக, லேபின் தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று தினமும் காலையில் திறந்து பாருங்கள். வராத நாளில் செய்முறை வகுப்பு வேண்டாம் என்று ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

"நாம வெறும் உதவியாளர்தானே சார்" என்று ஒரு தம்பி சொன்னான். அவனுக்கு இரண்டு செய்தி சொன்னேன். மைக்கேல் பாரடே 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சேர்ந்தது ஹம்ப்ரி டேவியின் ஆய்வக உதவியாளராகத்தான். பன்சன் விளக்கை எல்லோருக்கும் தெரியும். பன்சன் சொன்ன யோசனையை 1855 வாக்கில் விளக்காகச் செய்து கொடுத்தவர் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் கருவி வினைஞர் பீட்டர் டெசாகா. விளக்கில் அவர் பெயர் இல்லை, ஆனால் கை அவருடையது.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அலுவலக வேலைக்கு ஆள் பற்றாக்குறை என்பது தெரியும். ஆனாலும் ஆய்வக உதவியாளரை நாள் முழுக்க அங்கேயே உட்கார வைத்தால் லேபின் பூட்டு துருப்பிடிக்கும். தினம் ஒரு மணி நேரமாவது அவரை லேபுக்கு விடுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, நாளைக்குச் செய்ய ஒரே ஒரு வேலை. லேபைத் திறந்து, பெயரில்லாத பாட்டில்கள் எத்தனை என்று எண்ணி, இருப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதுங்கள். அந்த எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை மற்ற வேலை காத்திருக்கலாம்.