ஹோட்டன் சமவெளியில் மரங்கள் ஏன் நுனியிலிருந்து காய்கின்றன?



ஹோட்டன் சமவெளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் ஆசிரியர்களான எங்களிடம் ஒவ்வொரு முறையும் வரும் கேள்வி இது: "சேர், இந்த மரமெல்லாம் ஏன் மேல மட்டும் காஞ்சி நிக்குது?"

"நுரைச்சோலை நிலக்கரிப் புகைதான்" என்று சிலர் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் நுரைச்சோலை மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 2011இல். தொட்டுப்பொலகந்தையில் மரங்கள் இப்படிக் காய்வது 1970களின் இறுதியிலேயே பதிவாகிவிட்டது. அதிகம் பாதிக்கப்பட்டவற்றில் கீன மரமும் ஒன்று. வறட்சி, மண்ணில் சத்துக் குறைவு, அமில மழை என ஆய்வாளர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

அப்படியென்றால் கந்தகப் புகையை விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. நிலக்கரியும் டீசலும் எரியும்போது வெளிவரும் கந்தகவீரொட்சைட்டு இலைவாய் வழியாக உள்ளே போகும். அங்குள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிப் பச்சையத்தைச் சிதைக்கும். நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி வெளிறிப்போகும்.

எங்கள் மலைக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. மழை இலையில் வழிந்தோடிவிடும். மூடுபனி மணிக்கணக்கில் தங்கும். அதன் சிறு துளிகளில் அமிலம் பெரும்பாலும் மழையைவிடச் செறிவாக இருக்கும். அது இலையிலுள்ள கல்சியம், மக்னீசியத்தைக் கழுவிக்கொண்டு போகும். தேயிலைக்குக் கவாத்துக் காலத்தில் டொலமைட் போடுகிறோம். காட்டு மரத்துக்கு யார் போடுவது?

மகாவலி, களனி, வளவை ஆறுகளின் தலைநீர் அந்தப் பக்கத்தில்தான் பிறக்கிறது. மூடுபனியைப் பிடித்து மண்ணில் சொட்டவிடுவது அந்த இலைகள். இலை போனால் ஆற்றுக்கும் கணக்குக் குறையும்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். மரப்பட்டையில் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருக்கும் இலைக்கனைப் பாருங்கள். கந்தகக் காற்றில் முதலில் அழிவது அதுதான். பஸ் நிற்கும் வீதியோரத்தில் ஐந்து மரம், காட்டோரத்தில் ஐந்து மரம். தவணைக்கு ஒருமுறை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள்.

பெற்றோரே, பிள்ளை மரத்தடியில் நின்று எதையோ எண்ணினால் ஏசாதீர்கள். பஸ், முச்சக்கரவண்டி ஓட்டும் சகோதரர்களே, நிறுத்தி வைத்திருக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

இந்த மலை நம் கையில் தரப்பட்ட அமானிதம். குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டியது.