தீயணைப்பு லாரியில் ஒரு வீடு

பாட் கிஸிங்கனுக்கு வருகிறவர்கள் பொதுவாக மெதுவாக நடப்பவர்கள். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், பிராங்கோனிய சாலே ஆற்றங்கரையில் உள்ள ஊற்றுநீர் ஊர் இது. 'பாட்' என்றாலே குளியல்தான். ராகோசி ஊற்றின் உப்புக் கரிக்கும் தண்ணீரைத் தம்ளரில் பிடித்துக்கொண்டு, நடப்பதற்கென்றே கட்டிய பெரிய மண்டபத்தில் உலாவியபடி மடக் மடக்கென்று குடிப்பார்கள். 2021-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஐரோப்பிய ஊற்றுநீர் நகரங்களில் இதுவும் ஒன்று. உடம்பு பெருத்துப்போன பிஸ்மார்க் இங்கே அடிக்கடி வந்து தங்குவார். 1874-ல் அவரைச் சுட்டுக் கொல்லப் பார்த்ததும் இந்த ஊரில்தான். அவர் தங்கிய பழைய உப்பளக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அவர் ஏறி நின்று எடை பார்த்த தராசு அங்கே இருக்கிறது.

இப்படிப்பட்ட அமைதியான ஊருக்குள், கோடை தொடங்கும் நேரத்தில் நான்கு நாட்கள் லாரிகள் உறுமிக்கொண்டு வரும். சாகசப் பயண வண்டிகளுக்கான கண்காட்சி அது. நிறுவனங்கள் கட்டிய புத்தம்புது வண்டிகள் பளபளவென்று நிற்கும். விலையைக் கேட்டால், அதற்கு ஒரு பங்களாவே வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் உண்மையான வேடிக்கை, பார்வையாளர்கள் தங்கும் புல்வெளியில்தான். தாங்களே வெட்டி, ஒட்டி, திருகி வீடாக்கிய பழைய லாரிகளோடு ஜனங்கள் அங்கேதான் வந்து இறங்குகிறார்கள்.

அவற்றில் பலருக்கும் செல்லப்பிள்ளை, பழைய தீயணைப்பு லாரி. காரணம் எளிது. ஜெர்மனியின் கிராமங்களில் தீயணைப்பு வேலையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்த் தொண்டர்கள். வண்டி எப்போதாவது வெளியே போகும். மற்ற நேரமெல்லாம் கொட்டகைக்குள் மழை படாமல், துடைத்து வைத்த வெண்கலப் பானை மாதிரி நிற்கும். முப்பது வருடம் கழித்து ஊராட்சி அதை விற்கும்போது பார்த்தால், பல லாரிகள் ஓரிரு வருடத்தில் ஓடிவிடும் தூரம்தான் மீட்டரில் இருக்கும். பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் இழுவையும் உண்டு.

மெர்சிடிஸ் 911, 1113 போன்ற குட்டை மூக்கு லாரிகளுக்குக் கிராக்கி அதிகம். 911 என்றால் ஒன்பது டன், 110 குதிரைத்திறன். அந்த மூக்கை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நம்மவர்களுக்குத் தோன்றினால் அது பிரமை அல்ல. 1954-ல் டாடாவும் டெய்ம்லர் பென்ஸும் கைகோத்துத்தான் ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கின. இந்த வண்டிகளில் உள்ள ஆறு சிலிண்டர், 5.7 லிட்டர் இன்ஜினின் வாரிசுதான், நம் சாலைகளில் பல்லாண்டு ஓடிய டாடா 697. நாமக்கல்லில் ஒரு பட்டறையில் இதன் பானெட்டைத் திறந்தால், மெக்கானிக்குக் கையேடு தேவைப்படாது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. சஹாராவின் ஓரத்தில் நின்றுபோனால், ஸ்பானரும் பொறுமையும் உள்ள ஒருவர் போதும்.

வண்டி கிடைத்துவிட்டது. நீலவிளக்கையும் சைரனையும் கழற்றியாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி, பம்ப், ஏணி எல்லாம் இறங்கிவிட்டன. இனி பெட்டி கட்ட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

லாரி சேஸிஸ் முறுக்கிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. முன் இடது சக்கரம் பாறைமேல் ஏறி, பின் இடது சக்கரம் குழியில் இறங்கும்போது, இரண்டு இரும்புச் சட்டங்களும் ஈரத்துணியைப் பிழிவதுபோல் நெளியும். சரக்கு லாரியின் பலகைத் தொட்டி அதோடு சேர்ந்து நெளிந்து கொடுக்கும். வீடு கொடுக்காது. நேரடியாகப் போல்ட் போட்டு இறுக்கினால் ஜன்னல் விரிசல் விடும், கதவு சிக்கிக்கொள்ளும், மூலைகள் பிளக்கும். மேடுபள்ளமான முற்றத்தில் நாலு கால் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. அந்தச் சூத்திரம்தான் இங்கும். பெட்டிக்கு அடியில் தனியாக ஒரு சட்டம் செய்து, ஒரு முனையில் இரண்டு இடங்களிலும், மறுமுனையில் நடுவில் சுழலும் ஒரே மூட்டிலும் தாங்க விடுகிறார்கள். சிலர் ஸ்பிரிங் வைத்துத் தூக்குகிறார்கள். இப்போது கீழே சேஸிஸ் எப்படி நெளிந்தாலும், மேலே அலமாரியில் உள்ள தட்டுகள் தட்டுகளாகவே இருக்கும். டிரைவர் கேபினிலிருந்து வீட்டுக்குள் தவழ்ந்து போக வழி வைப்பவர்கள், இரண்டுக்கும் நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு ரப்பர் வைக்கிறார்கள். இரண்டும் தனித்தனியாக ஆடுமே!

அடுத்த எதிரி, எடை. ஜெர்மனியில் 1999-க்கு முன் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் ஏழரை டன் வரை ஓட்டலாம். பிறகு எடுத்தவர்களுக்கு மூன்றரை டன்தான். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமென்றால் தனிப் படிப்பு, தனித் தேர்வு, கணிசமான செலவு. அதனால் ஒன்பது டன் லாரியைக்கூட ஏழரை டன் வண்டியாகப் பதிவு மாற்றுகிறார்கள். அப்பா ஓட்டலாம், மகள் ஓட்ட முடியாது என்ற நிலைமை பல வீடுகளில் உண்டு. வீட்டுக்காரர் ஓய்வுபெறும் வயதில் இருக்க, வண்டியின் பாதிச் செலவு அவரது சேமிப்பிலிருந்து போயிருக்கும்.

ஏழரையில் சேஸிஸும் கேபினுமே பாதியை ஒட்டித் தின்றுவிடும். மிச்சத்தில்தான் குடித்தனம். 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. 400 லிட்டர் டீசல் 330 கிலோவைத் தாண்டும். மணலில் முன் சக்கரத் தடத்திலேயே பின் சக்கரமும் போக வேண்டும் என்பதற்காக, பின்னால் இருக்கும் இரட்டை டயரை எடுத்துவிட்டு ஒற்றை அகல டயர் போடுவார்கள். அதற்கு ஸ்டெப்னி மட்டும் நூறு கிலோவைத் தாண்டும். பாட்டரி, அடுப்பு, படுக்கை, கருவிப்பெட்டி, இரண்டு மனிதர்கள்... பாட்டி வீட்டு ஓக் மரத்தில் அலமாரி செய்தவர்கள் முதல்முறை எடைமேடையில் ஏற்றும்போதுதான் முகம் மாறுகிறார்கள். கூடுதலாக வந்தால் அபராதம் மட்டும் அல்ல. விபத்தில் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

பிறகு கழிப்பு ஆரம்பிக்கும். ஓக் போய்ப் பாப்லர் பிளைவுட் வரும். இரும்புத் தொட்டி போய்ப் பிளாஸ்டிக் வரும். கணவருடைய வெல்டிங் மெஷினா, மனைவியின் தையல் மெஷினா என்று ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடக்கும். இதில் யார் ஜெயித்தார்கள் என்பது புல்வெளியில் கதவு திறந்திருக்கும் வண்டிகளை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடைசியில் சோதனை அதிகாரி வருவார். படுக்கை, மேஜையோடு இருக்கை, சமைக்க இடம், சாமான் வைக்க அலமாரி, இவ்வளவும் இருந்தால்தான் லாரி வீடாகப் பதிவாகும். முப்பது வயது தாண்டிய வண்டிக்கு, பழைய தோற்றம் கெடாமல் இருந்தால், எண் பலகையின் கடைசியில் 'எச்' எழுத்து கிடைக்கலாம். வரி குறையும். புகை கட்டுப்பாடு உள்ள நகரங்களுக்குள்ளும் போகலாம். ஆனால் மிகையாக மாற்றினால் அந்த எழுத்து போய்விடும். வசதியா, எழுத்தா என்பது இன்னொரு பேரம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை புல்வெளி காலியாகத் தொடங்கும். ஒரு பழைய சிவப்பு லாரிக்காரர் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார். தொட்டி பாதி நிறைந்ததும் மனைவி கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறார். மீதியைப் போகிற வழியில் பிடித்துக்கொள்ளலாம்.