எட்டு ஈர்க்குகள்

பழைய லண்டனில் ‘ஸ்காவெஞ்சர்’ என்பவன் குப்பை பொறுக்குகிறவன் அல்ல. அயலூர் வணிகர்களின் சரக்குக்குச் சுங்கம் வசூலித்த நகர அலுவலன். தெருவின் சுத்தத்தைக் கவனிப்பதும் பின்னால் அவன் பொறுப்பாயிற்று. அதற்கும் பின்னால் சுங்கம் உதிர்ந்துபோய், குப்பை மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. நம் நாட்டில் அது இறங்கிய பள்ளம் இன்னும் ஆழம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993லும் 2013லும் வந்த சட்டங்களின் ஆங்கிலப் பெயர்களில் அந்தச் சொல் இருக்கிறது. இதே சொல்லை மேல்நாட்டார் ஒரு விளையாட்டுக்கும் வைத்திருக்கிறார்கள். பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அதில் கண்ட அற்பப் பொருள்களை யார் முதலில் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று பார்ப்பது. எல்ஸா மாக்ஸ்வெல் என்ற விருந்து நிபுணர் 1920களிலும் 1930களிலும் பாரிஸ், நியூயார்க் பணக்காரர்களிடையே இதை நாகரிகமாக்கினார்.

பெங்களூரில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியில் ஓட்டக் குழு ஒன்று உண்டு. ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்காக ஓடுகிறார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் வாக்கு வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு ஞாயிறு காலை, வழக்கமான ஓட்டத்துக்குப் பதில், கப்பன் பார்க்கில் இந்த விளையாட்டு நடந்தது. 32 பேர், நால்வருக்கு ஒன்றாக எட்டுக் குழுக்கள். கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 50 ரூபாய் தர ஆட்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஓடாதவன் என்பதால் சரிபார்க்கும் வேலை எனக்கு. அது என் தொழிலும்கூட.

விளையாட்டு எதற்கு, நேராகப் பணத்தைக் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். பதில் சொன்னவர் எங்கள் காஷியர். அவருடைய மகள் அந்த வார்டில் எட்டு மாதம் இருந்து, இப்போது பள்ளிக்குப் போகிறாள். “அழ வேண்டியதெல்லாம் அங்கேயே அழுதாச்சு சார். இங்க கொஞ்சம் சிரிச்சுக்கறோம்” என்றார். இதற்கு எதிராகச் சொல்ல எந்தத் தத்துவமும் என்னிடம் இல்லை. இருக்கவேண்டும் என்றும் நினைக்கவில்லை.

பட்டியலில் ‘ஊர் திரும்பாத குதிரை வீரன்’ என்று ஒரு குறிப்பு. மார்க் கப்பன் 1834 முதல் 1861 வரை மைசூரின் கமிஷனர். பதவி விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் சூயஸில் இறந்தார். 1866இல் வைத்த அவருடைய குதிரைச் சிலை வெகுகாலம் உயர்நீதிமன்ற வளாகத்தில் நின்று, 2020இல்தான் பார்க்குக்குள் வந்தது. 1870இல் உண்டான இந்தப் பார்க்குக்கு முதல் பெயர் மீட் பார்க். 1927இல் சாமராஜேந்திரர் பெயரை வைத்தார்கள். ஜனங்கள் நாக்கில் இரண்டும் ஒட்டவில்லை. விக்டோரியா சிலை இன்னொரு குறிப்பு. 1906இல் அது எழும்பியபோது, ஒரு பக்கம் மைசூர் ராஜாவின் பேட்டை, மறுபக்கம் வெள்ளைக்காரனின் தண்டு. சென்னை ராணுவத்தோடு வந்த தமிழர்கள் குடியேறியது தண்டுப் பக்கம். இவ்வழியே வருஷக் கணக்கில் ஓடியவர்கள் இச்சிலைகளின் முகத்தை அன்றுதான் பார்த்தார்கள். பட்டியல் பார்க்கவைக்கிறது, இதை மறுத்துப் பயனில்லை.

ஏழாவது குறிப்பு: ‘விளக்குமாற்றின் ஈர்க்கு ஒன்று’.

மூங்கில் புதருக்கருகே பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் முதல் குழு ஓடியது. கன்னடத்தில் கேட்டார்கள், அவள் தமிழில் பதில் சொன்னாள். “ஒண்ணு உருவினா கட்டு லூஸாயிடும் சார். எத்தினி பேரு வருவீங்க?” எட்டு என்றார்கள். எதற்கு என்றாள். ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்காக என்றார்கள். “ஈர்க்கு ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டாள். கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இளைஞர்கள் சிரித்துவிட்டு, “ஆமாக்கா, ஒரு வகையில” என்றார்கள். எட்டு ஈர்க்குகளையும் அவளே உருவிக் கொடுத்தாள்.

1936இல் க்ரெகரி லா காவா எடுத்த ‘மை மேன் காட்ஃப்ரி’ படத்தை நண்பர்களில் சிலர் பார்த்திருக்கலாம். பொருளாதார மந்தக் காலம். பணக்காரர்கள் இதே விளையாட்டை விளையாடுகிறார்கள். அவர்கள் பட்டியலில் ஒரு பொருள், ‘மறக்கப்பட்ட மனிதன்’. ஆற்றங்கரைக் குப்பைமேட்டிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி ஒரு பெண் ஜெயிக்கிறாள். இதுவரை படம் ஈவிரக்கமற்ற உண்மை. பிறகு அந்த மனிதன் பாஸ்டனின் பெரிய குடும்பத்துப் பிள்ளை என்று தெரியவருகிறது. குப்பைமேட்டில் கிடந்தவன் வெறும் ஆளாகவே இருந்துவிட்டால் அவன் காதலுக்கும் வசனத்துக்கும் தகுதியற்றவனாகிவிடுவானோ என்று படம் பயந்துவிட்டது. என் மூங்கில் புதர் அம்மாளுக்குப் பாஸ்டன் இல்லை. அவளை வேறு யாராகவோ காட்டித்தான் மதிக்கமுடியும் என்றால், மதிக்கப்படுவது அவள் அல்ல.

நமது விமர்சனத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு. படிமம் இருக்கிறதா, இருண்மை இருக்கிறதா, அந்நியமாதல் இருக்கிறதா. கவிதைக்குள் ஓடி ஒவ்வொன்றிலும் ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு திரும்புகிறோம். கவிதையின் கட்டு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. பட்டியலை எரித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாதவன் சிலையைத் தாண்டி வருஷக் கணக்கில் ஓடிக்கொண்டிருப்பான். உருவுவதற்கு முன் இது எதைக் கட்டாய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். அந்த அம்மாள் எண்ணிக்கை கேட்டது அதற்காகத்தான்.

எட்டு ஈர்க்குகளுக்கு 400 ரூபாய். வாக்களித்தவர்கள் பெயரில் வரவு வைத்தேன். பணத்துக்குக் கொடுத்தவனின் மனசு தெரியாது. வார்டில் அது மருந்தாகும், அதில் குறையில்லை. பெயர்ப் பத்தியில் அவளுக்கு இடமில்லை என்பதை மட்டும் ஒரு குமாஸ்தாவாகக் குறித்துக்கொள்கிறேன்.

மதிப்பெண் போட்டபின் ஈர்க்குகள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எண்ணினாள். எட்டும் சரியாக இருந்தது. கட்டுக்குள் செருகி, அடிப்பக்கத்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள்.