ஒரு கிட்டார், இருபது விரல்

மஸ்கெலியாவில் எங்கள் லயத்தில் நாங்கள் ஐந்து பேர் கிட்டார் பழகுகிறோம். கிட்டார் ஒன்றுதான், அதுவும் எங்களில் ஒருத்தனுடையது. சாயந்தரம் ஆளுக்கு இருபது நிமிஷம். அந்த நேரத்துக்குள்ள ஒரு பாட்டு பிடிபடாது. ஆனா விரலைப் பழக்கலாம்.

எல்லாருக்கும் ஆசை 'இளைய நிலா' மேலதான். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு. இளையராஜாவின் இசைக்கு அதில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். கேக்க லேசா இருக்கும். வாசிக்கப் போனா விரல் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் பயிற்சி.

முதல் பயிற்சி இடது கைக்கு. ஆள்காட்டி விரல் 5ஆம் ஃப்ரெட்டில், நடுவிரல் 6, மோதிரவிரல் 7, சுண்டுவிரல் 8. ஆறு தந்தியிலும் இதே வரிசை, மொத்தம் 24 சுரம். 1ஆம் ஃப்ரெட்டில் தொடங்க வேணாம். அங்க இடைவெளி அகலம், சுண்டுவிரல் எட்டாது. ஃபோனில் மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம். 24உம் சுத்தமா வந்தா 64. ஒண்ணு பிசகினாலும் திரும்ப 60. ஒருத்தர் வாசிக்கிறப்போ மத்த நாலு பேரும் காது குடுத்து எண்ணணும்.

ரெண்டாவது, அழுத்தம். தந்தியைச் சும்மா தொட்டு மீட்டினா 'டப்'புன்னுதான் கேக்கும். கொஞ்சம் கொஞ்சமா அழுத்திக்கிட்டே போனா ஓரிடத்துல சுரம் தெளியும். அவ்வளவு அழுத்தினா போதும். மிச்ச பலமெல்லாம் வீண். விரல் நுனி எரிஞ்சா பரவாயில்ல, பழகிடும். மணிக்கட்டு வலிச்சா உடனே நிறுத்திடுங்க.

மூணாவது, வலது கை. மௌரோ ஜூலியானி என்ற இத்தாலியர் 1812இல் வியன்னாவில் வெளியிட்ட 120 பயிற்சிகள் இன்னைக்கும் உலகம் பூரா புழக்கத்தில் இருக்கு. 120க்கும் சேர்த்து ரெண்டே கார்டுதான்: சி, ஜி7. இடது கைக்கு வேலையைக் குறைச்சாத்தான் வலது கை விரல்கள் தனித்தனியா நடக்கக் கத்துக்கும்.

"ஏம்பிள்ளைகளா, பாட்டு எப்பத்தான் வரும்?" என்று பக்கத்துக் காம்பிரா பெரியம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து தினமும் அந்த 24 சுரத்தையும் கேக்குறவங்க அவங்கதானே.

ஆனால் மெதுவா வாசிப்பதில் எங்களுக்கு வேறொரு கணக்கும் இருக்கு. எங்க அம்மாமாரோட விரல் வேகத்தைத் தராசு அளக்குது. கிலோ குறைஞ்சா அரைப்பேர். அந்த வேகம் அவங்க விருப்பப்பட்டு வந்ததில்ல. இஸ்தோப்பில் உட்கார்ந்து 60இல் வாசிக்கிறப்போ யாரும் எங்களை நிறுக்கறதில்ல. வேகத்தைக் கூட்டுறதா குறைக்கிறதான்னு நாங்களே முடிவு பண்றோம். எங்க ஊர்ல கைக்கு அப்படி ஒரு நேரம் கிடைக்கிறது லேசில்ல.

இன்னொன்று, ஈரம். மழை மாசங்கள்ல இரும்புத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், புதுசு வாங்க ஹட்டனுக்குப் போகணும். அதனால வாசிச்சு முடிச்சதும் காய்ஞ்ச துணியால ஒவ்வொரு தந்தியையும் துடைக்கிறது ஐந்தாவதா வாசிக்கிறவரோட வேலை.

பொங்கல் முடிஞ்சதும் கிட்டாருக்குச் சொந்தக்காரன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போறான். கிட்டாரும் கூடப் போகுது. மிச்ச நாலு பேரும் சேர்ந்து காசு சேர்க்கிறோம், பழைய கிட்டார் ஒண்ணு கிடைச்சாலும் போதும். அதுவரைக்கும் ஜூலியானியை மேசை விளிம்பிலதான் தட்டணும். வலது கைக்கு அது நடக்கும், இடது கைக்கு நடக்காது. அதனால இப்ப எல்லாரும் இடது கையிலதான் மும்முரம். அவன் போறதுக்குள்ள ஐந்து பேரும் 80ஐத் தொடணும். இன்னைக்கு 72இல் நிக்கிறோம்.