தாப்பா வளைவுகளும் மூன்று அட்டைகளும்

கேமரன் மலைக்குப் பழைய வழி தாப்பா வழிதான். சிம்பாங் பூலாய் பாதை அகலமானது, வளைவும் குறைவு. ஆனால் லாத்தா இஸ்கந்தர் அருவியும் சாலையோரப் பெத்தாய்க் கடைகளும் வேண்டுமென்றால் தாப்பாவில்தான் ஏறவேண்டும், வயிற்றைப் புரட்டினாலும். அதற்காகவே நம் வீட்டுக் கைப்பைகளில் ஒரு வாந்தி மாத்திரை அட்டை கிடக்கும்.

கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் வேனில் மூன்று அட்டைகள் கிடந்தன. அக்காவின் நான்கு வயது மகளுக்குக் கோலாலம்பூரில் கிளம்பும்போது அக்கா ஒரு மாத்திரை கொடுத்தார். தாப்பாவில் பசியாறிய பிறகு, "பிள்ளை முகம் வாடியிருக்கே" என்று அம்மா ஒன்று. அருவிக்கருகே அத்தை ஒன்று. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

ரிங்லெட் நெருங்கும்போது, தூங்கி வழிந்தவள் திடீரென எழுந்து "எறும்பு, எறும்பு" என்று மடியைத் தட்டினாள். முகம் சிவந்து, உதடு காய்ந்து, நெஞ்சு படபடவென அடித்தது. நல்ல வெளிச்சத்திலும் கண்மணி அகல விரிந்திருந்தது. கண்ணேறு என்றார் அம்மா. நான் அட்டைகளைக் கேட்டேன்.

டைமென்ஹைட்ரினேட், ஒரு மாத்திரை 50 மில்லிகிராம். 2 முதல் 5 வயது வரை ஒரு வேளைக்கு அரை மாத்திரைக்கு மேல் கூடாது. ஒரு நாளுக்கு ஒன்றரைதான். இரண்டு வயதுக்குக் கீழ் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. இவளுக்குள் போனதோ முழுசாக மூன்று.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கலாம் என்றார் அத்தை. வேண்டாம் என்றேன், மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேராகத் தானா ராத்தா மருத்துவமனைக்கு விட்டோம். சந்தேகம் கேட்க, பினாங்கு யுஎஸ்எம் வளாகத்தில் தேசிய விஷ மையம் இருக்கிறது: 1-800-88-8099. ஆனால் வலிப்பு, எழுப்பியும் எழாத தூக்கம், மூச்சுத் திணறல் என்றால் உடனே 999தான்.

என்ன மருந்து, எத்தனை, எப்போது, பிள்ளையின் எடை என்ன என்று மருத்துவர் கேட்டார். அட்டைகளில் காலியான குழிகளை எண்ணிக் காட்டினோம். இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். சிறுநீர் போகிறதா என்றும் பார்த்தார்கள். இந்த மருந்து மிஞ்சினால் அதையும் அடைத்துவிடுமாம். இரவு முழுக்கக் கண்காணிப்பு.

மறுநாள் மதியம் ஸ்ட்ராபெரி கேட்டு அடம்பிடித்தாள். இறங்கியது சிம்பாங் பூலாய் வழியில். அவளுக்கு மாத்திரை கிடையாது, பாதை தெரியும் இருக்கையும் திறந்த ஜன்னலும்தான். அம்மாவுக்கு மட்டும் ஒன்று. அட்டையின் பின்னால் அக்கா பேனாவால் எழுதினார்: 1.20, ஒன்று.