எந்தப் பக்கம், கிருஷ்ணமூர்த்தி?

திருப்பதிக்குப் போகும் தமிழர்களில் பெரும்பாலோர் மலையேறி, முடி காணிக்கை செலுத்தி, லட்டுடன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து பீலேர் வழியாக மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போனால் மதனபள்ளி. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். தக்காளி மண்டிக்குப் பேர்போனது. 1895 மே மாதம் அங்கே ஒரு தெலுங்கு பிராமணக் குடும்பத்தில் எட்டாவது பிள்ளை பிறந்தது. எட்டாவது என்பதால் கிருஷ்ணன் பெயர் வைத்தார்கள். ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி.

அவருடைய 130வது பிறந்த நாள் 2025 மே 12-ல் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் இந்தியா-பாகிஸ்தான் சண்டை நின்றிருந்தது. மே 7 முதல் 10 வரை டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களிடம் அமைதி பற்றிப் பேசியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 'முதலில் நீ எந்தப் பக்கம், சொல்லு' என்ற பதில்தான்.

கிருஷ்ணமூர்த்தியையும் அப்படித்தான் கேட்டார்கள். 1940-ல் கலிபோர்னியாவின் ஓஹாயில் போரை எதிர்த்துப் பேசினார். ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த ஆண்டு. அந்தப் பேச்சு பலருக்குக் கசந்தது. பிறகு 1944 வரை அவர் மேடை ஏறவில்லை. காய்கறி பயிரிட்டார், பசு கறந்தார், தேனீ வளர்த்தார்.

லண்டனில் குண்டு விழும்போது ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே அமைதி பேசுவது சுலபம் அல்லவா? இந்தக் குற்றச்சாட்டை லேசாகத் தள்ளிவிட முடியாது. யூதர்களை ரயிலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தவனைத் தடுக்கத் துப்பாக்கிதான் தேவைப்பட்டது, தியானம் போதவில்லை. அந்தக் கொடுமை அவருடைய சொந்த முற்றத்துக்கே வந்தது. 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தில் ஓம்மன் என்ற ஊரில், தன்னை உலககுருவாக ஏற்றிருந்த சங்கத்தை மூவாயிரம் பேர் முன்னிலையில் கலைத்தாரே, அந்த முகாம் மைதானம்! 1942-ல் நாஜிகள் அதே இடத்தைச் சிறைமுகாம் ஆக்கினார்கள்.

ஆனாலும் அவர் பதிலை மாற்றவில்லை. போர் எங்கோ தலைவர்கள் மூட்டிவிடுவதல்ல, வீட்டிலும் ஆபீஸிலும் தினமும் நடக்கும் போட்டி, பொறாமை, பயம் ஆகியவற்றின் பெரிய வடிவம்தான் என்றார். 1948-ல் காந்தி கொல்லப்பட்டபோது பம்பாயில் பேசிக்கொண்டிருந்தார். கொலைக்குக் காரணம் யார் என்று கேட்டவர்களிடம், அது உங்களுக்குள்ளேயே இருக்கிறது என்றார். துக்கத்தில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

தேசியம் என்பது ஜோடித்துக் காட்டிய குலப்பற்று என்பதும் அவர் அடிக்கடி சொன்னதுதான். வேடிக்கை என்னவென்றால், 1919 பிப்ரவரியில் தாகூர் தங்கி 'ஜன கண மன'வை ஆங்கிலத்தில் பெயர்த்தது இதே மதனபள்ளியில். பெசன்ட் கல்லூரியில் இருந்த மார்கரெட் கசின்ஸ் அதன் மெட்டுக்கு ஸ்வரம் எழுதினார். தாகூரும் தேசியவெறியை எதிர்த்து எழுதி வசவு வாங்கியவர்தான்.

எல்லையோர கிராமத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடும் தாயிடம் 'உனக்குள் பார்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சொல்லவும் கூடாது. ஆனால் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, சோபாவில் காபியுடன் உட்கார்ந்து 'இன்னும் நாலு குண்டு போடணும்' என்பவரிடம் கட்டாயம் சொல்லலாம். கிருஷ்ணமூர்த்தியின் எதிரில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது ரகம்தான். மந்திரமோ விரதமோ அவர் கேட்கவில்லை. கோபம் வரும்போது அது வருவதைப் பார் என்றார். மொட்டை போடுவதைவிடக் கஷ்டமான வேண்டுதல்.

1984 ஏப்ரலில் நியூயார்க்கில் ஐ.நா. சபையில் பேசினார், அமைதிப் பதக்கம் கொடுத்தார்கள். மறு ஏப்ரலில் ஐ.நா.வின் 40வது ஆண்டை ஒட்டி மீண்டும் அழைத்தார்கள். தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்த மதனபள்ளிக்காரர், அமைப்புகளால் அமைதி வராது என்று அந்த அமைப்பின் கட்டிடத்துக்குள்ளேயே உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்தார்.