பேட்டி எடுப்பதற்கு முன்

ஆம்பூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் சுமார் 150 கிலோமீட்டர் போனால் இருங்காட்டுக்கோட்டை. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் பந்தய மைதானத்தில் 1990 முதல் கார்களும் பைக்குகளும் ஓடுகின்றன. சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன்பெல்லாம் சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம்.

நான் போனது பந்தயம் பார்க்க அல்ல. பந்தயத்தை டிவியில் சொல்கிறவரைப் பார்க்க. குடியாத்தத்துக்காரர். வார நாட்களில் ஒரு சேனலுக்கு மாவட்டச் செய்தி தருகிறார்: பாலாற்றில் தோல் கழிவு, லாரி விபத்து, கலெக்டர் ஆபீஸில் மனு நாள். பந்தயம் நடக்கும் சனி, ஞாயிறுகளில் மைக்கோடு இங்கே வந்துவிடுவார். பேர் போட வேண்டாம் என்றார்.

பைக் பந்தயம் முடிந்து வீரர்கள் திரும்பினார்கள். ஜெயித்த பையனைச் சூழ்ந்துகொண்டது ஒரு கூட்டம். நம்மவர் ஆளை விட்டுவிட்டு வண்டியிடம் போய்க் குந்தினார். “அண்ணே, இந்த டயரப் பாருங்க.” ஒரு ஓரம் மட்டும் ரப்பர் உருண்டு உருண்டு, அழிரப்பர் தூள் மாதிரி ஒட்டியிருந்தது. “கடைசி சுத்துங்கள்ல பிடிமானமே இருந்திருக்காது. எப்படித்தான் ஓட்டினானோ.”

என் கண் போனது வேறு இடத்துக்கு. ஆம்பூர்க்காரன், தோலைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. பையன் போட்டிருந்த தோல் சூட்டில் வலது முழங்கைப் பக்கம் மேல்தோல் தேய்ந்து உள்நார் பஞ்சாக எட்டிப் பார்த்தது. நாரில் அழுக்கில்லை. “தம்பி, இது இன்னிக்குப் பட்டது. பழசுன்னா கறுத்திருக்கும்” என்றேன். எங்கள் ஊரில் தோல் பதனிடும் ஷாப்பில் ரகம் பிரிக்கிறவர் உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூடு போட்ட குறி என்று விரலால் தடவியே அந்த மாட்டின் வரலாற்றைச் சொல்லிவிடுவார். இதுவும் அந்த வித்தைதான்.

கூட்டம் கலைந்ததும் நம்மவர் மைக்கை நீட்டினார். ‘ஜெயிச்சது எப்படி இருக்கு?’ என்று கேட்கவில்லை. “முழங்கை எந்த வளைவுல தரையத் தொட்டுச்சு?” என்றார். அதுவரை எல்லாரிடமும் ‘சந்தோஷமா இருக்கு’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பையன் மடை திறந்தாற்போல் பேசினான்: முன்சக்கரம் வழுக்கியது, வண்டி சாய்ந்தது, முழங்கையை ஊன்றி நிமிர்த்தியது. இதற்கிடையே நம்மவர் காதில் தயாரிப்பாளர் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று வருவதற்குள் பேட்டியை முடித்துக் கொடுத்தாயிற்று.

இந்தத் தொழிலில் உலக உயரத்துக்குப் போன தமிழ்நாட்டுக்காரர் கருண் சந்தோக். சென்னையில் 1984இல் பிறந்தவர். தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை நிறுவியவர்களில் ஒருவர். 2010இல் ஹிஸ்பானியா அணிக்காகப் பஹ்ரைனில் ஃபார்முலா 1இல் இறங்கியபோது வண்டியே தயாராகவில்லை. தகுதிச் சுற்றில்தான் முதன்முதலாக அதை ஓட்டினார். அந்த ஆண்டு 10 பந்தயம், அடுத்த ஆண்டு லோட்டஸுக்காக ஒன்று, அவ்வளவுதான். வர்ணனையில் பிபிசி வானொலி, பிறகு சேனல் 4, 2019 முதல் ஸ்கை ஸ்போர்ட்ஸ். சரியாக ஓடாத வண்டியோடு மல்லுக்கட்டியவருக்கு, மற்றவர் வண்டி ஏன் ஓடவில்லை என்று சொல்லத் தெரிகிறது.

“நமக்கு அந்தக் குடும்பப் பின்னணி கிடையாதேண்ணே” என்றார் குடியாத்தத்துக்காரர். வண்டி ஓட்டித்தான் வர வேண்டும் என்பதில்லை. ஃபார்முலா 1 ஜோர்டான் அணியில் செய்தித் தொடர்பாளராக இருந்த லூயிஸ் குட்மன் 1997 முதல் 2008 வரை பிரிட்டனின் ஐடிவிக்காகப் வண்டிகளுக்கு டயர் மாற்றும் பிட்டில் நின்று செய்தி சொன்னார். ஆனால் அங்கே அது முழுநேர வேலை. இங்கே நாள் கூலி. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தபோதும், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தபோதும், நம்மவர் போன் ஓயவில்லையாம். மற்ற மாதங்களில் யாரும் கூப்பிடுவதில்லை.

மறுநாள் திங்கள், மனு நாள். வேலூர் கலெக்டர் ஆபீஸில் இருப்பார். அங்கேயும் முதலில் மனுவை வாங்கிப் படித்துப் பார்ப்பாராம். மைக் அதற்கப்புறம்தான்.